மருத்துவர் ஆகாதவர்கள் செய்த மருத்துவம்

(கோவிலம்பாக்கத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் என்று பாடத்தின் பெயர் எதுவானாலும், மாணவர்களாகிய உங்களில் பலர் முதலில் ஆசைப்பட்டது எம்.பி.பி.எஸ். படிக்கத்தான். நீட் மதிப்பெண் போதவில்லை. அல்லது மதிப்பெண் இருந்தும் தனியார் கல்லூரிக் கட்டணம் வீட்டுக்குக் கட்டுப்படியாகவில்லை. ரிப்பீட்டர் வகுப்புக்குப் போ என்றார் ஒருவர், எதற்கும் ஒரு டிகிரி கையில் இருக்கட்டும் என்றார் இன்னொருவர். பி.எஸ்சி. சேர்ந்தீர்கள். கிடைக்காமல் போனதையே நினைத்துக்கொண்டு மூன்று ஆண்டுகளையும் கழிக்கிற மாணவர்களை வகுப்பறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். பாடத்தில் கெட்டிக்காரர்கள். மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், மனம் அங்கே இருக்காது. அவர்களை எண்ணித்தான் இன்றைய உரையை அமைத்துக்கொண்டேன்.

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்குள் நுழையவே நான்காண்டுப் பட்டம் வேண்டும். உயிரியல் பட்டம் அங்கே மருத்துவத்துக்கு ஏறும் படி. நம் நாட்டில் பிளஸ் டூ முடித்த கையோடு பதினேழு, பதினெட்டு வயதில் கதவு திறக்கிறது, அல்லது மூடுகிறது. பி.எஸ்சி. முடித்த பிறகும் நீட் எழுதலாம் என்பதும், வயது உச்சவரம்பை 2022-இல் எடுத்துவிட்டார்கள் என்பதும் உண்மைதான். எழுத நினைப்பவர்கள் எழுதுங்கள். ஆனால் அந்தத் தேர்வின் முடிவு எப்படி இருந்தாலும் நிற்கக்கூடிய ஒன்றை உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். அதற்கு நம் ஊரிலிருந்தே ஒரு சளி டப்பாவைப் பின்தொடர்ந்து போகலாம்.

கோவிலம்பாக்கத்தை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஏரியும் வயலுமாக இருந்த ஊரின் நடுவே 200 அடி ரேடியல் சாலை போகிறது. மேடவாக்கம் சாலையில் மெட்ரோ தூண்கள் எழுந்து நிற்கின்றன. அடுக்குமாடிகளைக் கட்டுகிறவர்கள் வெளியூரிலிருந்தும் வெளிமாநிலத்திலிருந்தும் வந்து, காற்று புகாத அறைகளில் நெருக்கியடித்துத் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு இரண்டு வாரமாக இருமல் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் லேசான காய்ச்சல், எடை குறைகிறது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய டானிக்குக்கு இருமல் நிற்கவில்லை. மேஸ்திரி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகிறார். டாக்டர் சளிப் பரிசோதனைக்கு எழுதித் தருகிறார். மருத்துவரின் பங்கு இந்த இடத்தில் சற்று ஓய்கிறது. அடுத்து நடப்பதெல்லாம் உயிரியல்.

லேப் டெக்னீஷியன் முதலில் டப்பாவின் பக்கவாட்டில் எண் எழுதுகிறார். மூடியில் எழுதினால் மூடி மாறும்போது ஆளும் மாறிவிடுவார். நோயாளி துப்பிக் கொடுத்தது நெஞ்சிலிருந்து வந்த சளியா, வெறும் எச்சிலா என்று பார்க்கிறார். எச்சிலாக இருந்தால், விடியற்காலையில் ஆழமாக மூச்சிழுத்து இருமித் துப்பச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார். சளியில் கெட்டியான பகுதியைக் குச்சியால் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தேய்க்கிறார். காய்ந்த பூச்சின் அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்தைப் படிக்க முடிய வேண்டும். அதுதான் சரியான பருமன். கார்பால் ஃபுக்ஸின் ஊற்றி ஆவி வரும்வரை சூடாக்கி, கந்தக அமிலத்தால் நிறம் நீக்கி, மெத்திலீன் நீலம் ஊற்றுகிறார். மற்ற அணுக்களெல்லாம் நீலமாகின்றன. மெழுகுத்தன்மை கொண்ட உறைக்குள் சிவப்பைப் பிடித்து வைத்துக்கொண்ட காசநோய்க் கிருமி மட்டும் சிவப்புக் குச்சியாகவே தெரிகிறது. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் அந்தக் கிருமியை அறிவித்தார். சாயமிடும் முறையைப் பிறகு சீலும் நீல்சனும் செம்மைப்படுத்தினார்கள்.

இந்தச் சாயத்தை நீங்களும் செய்முறைத் தேர்வுக்காக ரெக்கார்டு நோட்டில் வரைந்திருப்பீர்கள். நோட்டில் வராத ஒன்று உண்டு. ஒரு சில்லை 'நெகட்டிவ்' என்று எழுதுவதற்கு முன் எண்ணெய் லென்ஸில் 100 பார்வைப் புலங்களையாவது பார்த்திருக்க வேண்டும். 100 புலங்களில் ஒன்பது கிருமிக்குள் கண்டால் எண்ணிக்கையை அப்படியே எழுத வேண்டும். பத்திலிருந்து 99 வரை ஒரு பிளஸ். ஒவ்வொரு புலத்திலும் பத்துக்கு மேல் இருந்தால் மூன்று பிளஸ். ஒரு மில்லி லிட்டர் சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகள் இருந்தால்தான் இந்த முறையில் கண்ணில் படவே வாய்ப்பு. நாற்பது புலம் பார்த்துவிட்டு, இன்று கூட்டம் அதிகம் என்று எழுந்துவிட்டால், நாற்பத்தொன்றாவது புலத்தில் இருந்த குச்சியோடு அந்த மனிதர் தன் அறைக்குத் திரும்பிப் போவார். அவர் பக்கத்தில் படுக்கிறவருக்கும் இருமல் வரும். எந்த டாக்டரின் கைராசியாலும் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. லட்சம் மக்களுக்கு ஒரு சளிப் பரிசோதனை மையம் என்ற கணக்கில் இந்நாட்டின் காசநோய்த் திட்டம் பல ஆண்டுகள் நின்றது இப்படிப்பட்ட கண்களை நம்பித்தான்.

இப்போது பல இடங்களில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னதாகவே மூலக்கூறு சோதனை வந்துவிட்டது. சிபிநாட் என்றும் ட்ரூநாட் என்றும் சொல்கிறார்கள். சிபிநாட் கருவியில் இரண்டு மணி நேரத்துக்குள் கிருமி இருக்கிறதா என்பதோடு, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்பதும் தெரிந்துவிடுகிறது. கிருமியின் மரபுப்பொருளில் ஒரு சிறு துண்டைப் பல கோடி மடங்கு பெருக்கிக் காட்டுகிற பி.சி.ஆர். முறைதான் இதற்கு அடிப்படை. கொரோனா நாட்களில் அந்தப் பெயரைக் கேட்காத வீடு இல்லை. பெருக்குவதற்கு ஒவ்வொரு சுற்றிலும் மரபிழையைக் கொதிநிலையை நெருங்கும் அளவுக்குச் சூடாக்க வேண்டும். சாதாரண நொதி அந்தச் சூட்டில் அழிந்துபோகும். வெந்நீரில் வாழும் ஒரு பாக்டீரியாவின் நொதி கிடைத்த பிறகுதான் இந்த முறை நடைமுறைக்கு வந்தது. அந்த பாக்டீரியாவைக் கண்டெடுத்தவர்களில் ஒருவர், உங்களைப் போலவே இளநிலை மாணவர்.

அவர் பெயர் ஹட்சன் ஃப்ரீஸ். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். 1966-இல் யெல்லோஸ்டோன் பூங்காவின் வெந்நீர் ஊற்றுகளில் எடுத்த மாதிரிகளைப் பேராசிரியர் தாமஸ் பிராக்கோடு சேர்ந்து ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தார். சுமார் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் உயிரோடு ஒன்று வளர்ந்தது. 1969-இல் இருவரும் அதற்குத் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். மருத்துவப் பயன் எதுவும் அவர்கள் மனத்தில் இல்லை. இவ்வளவு சூட்டில் உயிர் வாழ முடியுமா என்று அறிகிற ஆவல்தான். அதன் நொதியை வேறொரு குழு 1976-இல் பிரித்தெடுத்தது. 1983-இல் கேரி மல்லிஸ் பி.சி.ஆர். முறையைக் கண்டார், பத்தாண்டு கழித்து நோபல் பரிசு பெற்றார். ஃப்ரீஸ் பிற்காலத்தில் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வரும் அரிய சர்க்கரைப் பிணைப்புக் கோளாறுகளை ஆராய்ந்தார். மருத்துவப் பட்டம் இல்லாதவரிடம், உலகின் பல மூலைகளிலிருந்து பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்காக வழி கேட்கிறார்கள்.

சளி டப்பா பாசிட்டிவ் ஆகிவிட்டது. அடுத்தது மருந்து. காசநோயை அடக்கிய முதல் மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். 1943-இல் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் வேளாண் கல்லூரியில் மண் நுண்ணுயிரியல் துறையில் அதைக் கண்டவர், 23 வயது ஆய்வு மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ். எருவிட்ட நிலத்து மண்ணிலிருந்து ஒன்று, நோயில்லாத ஒரு கோழியின் தொண்டையிலிருந்து ஒன்று என இரண்டு நுண்ணுயிர் வகைகளைப் பிரித்தார். காசநோய்க் கிருமியோடு வேலை செய்ததால், மற்றவர்களுக்குத் தொற்றாதிருக்க அடித்தளத்தில் இருந்த ஓர் ஆய்வகத்தில் தனியாக இருந்தார். மருந்து உலகப் புகழ் பெற்றது; புகழும் உரிமைத்தொகையில் ஒரு பங்கும் அவருடைய பேராசிரியர் வாக்ஸ்மனுக்குப் போயின. ஷாட்ஸ் வழக்குத் தொடுத்து, 1950-இல் தன்னையும் கண்டுபிடிப்பாளராக ஒப்புக்கொள்ள வைத்தார். ஆனாலும் 1952 நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டுமே. ஆய்வகத்தில் மாணவரின் உழைப்பு யார் பெயரில் போகிறது என்ற கேள்வி நம் கல்லூரிகளிலும் உண்டு. ஆசிரியர்கள் இருக்கும் சபையில் இதைச் சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு முந்தைய நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். அந்தப் பெயருக்குக் காரணமான மருத்துவமனையை 1928-இல் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோய்ச் சானடோரியம் நடத்தியவர். நம் கணித மேதை ராமானுஜன் அங்கே நோயுற்றபோது சில காலம் அவருடைய பராமரிப்பில்தான் இருந்தார். மருந்தே இல்லாத காலம். திறந்த வெளிக் காற்று, ஓய்வு, சத்தான உணவு, இவையே சிகிச்சை. 1937-இல் அரசு அந்த இடத்தை ஏற்றது. பிற்காலத்தில் எச்.ஐ.வி. நோயாளிகளை மற்ற இடங்களில் தொடவே அஞ்சிய நாட்களில் படுக்கை கொடுத்துச் சேர்த்துக்கொண்டதும் இதே மருத்துவமனைதான்.

சானடோரியத்தில் படுக்கை கிடைத்தவர்கள் கொஞ்சம், கிடைக்காதவர்கள் லட்சக்கணக்கில். மாத்திரைகள் வந்த பிறகு, வீட்டிலேயே சிகிச்சை கொடுத்தால் என்ன என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடை காண 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை கூடி நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையேற்றார். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில், மறு பகுதியினர் சென்னையின் நெரிசலான வீடுகளில். இரு சாராருக்கும் ஒரே மருந்து. 1959-இல் முடிவு வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அரைவயிற்று உணவோடும் நெருக்கடியோடும் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்திருந்தார்கள். அவர்கள் வீட்டாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. அதன் பிறகு உலகம் முழுவதும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

மதராஸ் ஆய்வு என்று மருத்துவ வரலாறு சொல்லும் இந்த வேலையை நடத்தியவர்கள் யார்? மருத்துவர்கள் இருந்தார்கள். அவர்களோடு கிருமியை வளர்த்து மருந்துக்கு அடங்குகிறதா என்று பார்த்த நுண்ணுயிரியலாளர்கள், கணக்கைத் தாங்கிய புள்ளியியலாளர்கள், முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிய சுகாதாரப் பார்வையாளர்கள், மருந்து சாப்பிட்டாரா என்று சிறுநீரைச் சோதித்த ஆய்வகத்தார் இருந்தார்கள். இதில் ஒரு கை குறைந்திருந்தாலும் முடிவை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

உணவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மருந்து வந்ததும் உணவை மறந்துவிட்டோம். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் முடிவு வெளியான ரேஷன்ஸ் ஆய்வு, காசநோயாளியின் வீட்டாருக்குச் சத்துணவு கொடுத்தால் அவர்களுக்கு நோய் வருவது வெகுவாகக் குறைகிறது என்று காட்டியது. சௌரி முத்து சத்தான உணவை வற்புறுத்தியதில் பாதி உண்மை இருந்திருக்கிறது.

தமிழ்நாடு 2022-இல் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. நோய் உறுதியான உடனேயே உடல் எடைக் குறியீடு, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிப்பில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பனவற்றைப் பார்க்கிறார்கள். ஆபத்தில் இருப்பவரைத் தாமதமில்லாமல் படுக்கையில் சேர்க்கிறார்கள். இந்த முதல் கணிப்பைச் செய்ய மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை. பயிற்சி பெற்ற களப்பணியாளர் செய்கிறார். மருத்துவம் என்ற சொல்லுக்குள் இவ்வளவு கைகள் இருக்கின்றன. நம் வீடுகளில் மட்டும் அந்தச் சொல்லுக்கு ஸ்டெதஸ்கோப் ஒன்றைத்தான் பொருளாகப் பிடித்து வைத்திருக்கிறோம்.

சரி, பி.எஸ்சி. முடித்தால் இந்த வேலைகள் கிடைத்துவிடுமா என்று கேட்பீர்கள். நேர்மையாகச் சொல்கிறேன்: பட்டம் மட்டும் இருந்தால் கிடைக்காது. அரசு ஆய்வக நுட்பநர் பணிக்குக் கேட்பது ஆய்வக நுட்பப் படிப்பை. விலங்கியல் பட்டத்தை ஏற்க மாட்டார்கள். இதை மூன்றாம் ஆண்டு முடிவில் தெரிந்துகொண்டு, பதற்றத்தில் ஏதோ ஒரு மாடியில் ஆறு மாதச் சான்றிதழ் விற்கிற இடத்தில் பணம் கட்டி ஏமாறுகிறார்கள். 2021-இல் நாடாளுமன்றம் துணை மருத்துவ மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை இயற்றியது. அதன் அட்டவணையைத் தேடிப் படியுங்கள். மருத்துவ ஆய்வகம், கதிரியக்கம், உணவியல், கண் அறிவியல் என்று பத்துப் பிரிவுகள் இருக்கின்றன. மரபியலாளர், மூலக்கூறு உயிரியலாளர் ஆகியோரின் பெயர்களும் அதில் உண்டு. எந்தப் படிப்புக்கு அங்கீகாரம் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

விலங்கியல் படிப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பூச்சியியல் பாடத்தைத் தேர்வுக்குப் பிறகு மறந்துவிடாதீர்கள். சென்னையின் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி, கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் வளர்வது. டெங்குவின் ஏடிஸ் இஜிப்தி, லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மில் வளர்வது. இரண்டுக்கும் நம் புறநகர் ஏற்ற வீடு. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி. நடத்துகிறது. நம் மாணவர்களில் பலருக்கு அப்படி ஒரு படிப்பு இருப்பதே தெரியாது.

மெடிக்கல் கோடிங் பற்றியும் பேசியாக வேண்டும், ஏனென்றால் இறுதியாண்டு வளாகத் தேர்வில் உங்களை முதலில் அழைப்பது அந்த நிறுவனங்கள்தான். அமெரிக்க நோயாளியின் மருத்துவக் குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டை எழுதுகிற வேலை. உடற்கூறியல் தெரியாமல் செய்ய முடியாது. குடும்பத்தை நிமிர்த்திய பிள்ளைகள் பலர் அதில் இருக்கிறார்கள். அதைக் குறைவாகப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் இதையும் எண்ணிப் பாருங்கள். 2020-ஆம் ஆண்டின் அரசு அறிக்கைப்படி, இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவர் சான்றளித்த காரணத்தோடு பதிவானது 22.5 விழுக்காடுதான். எந்த நோயால் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று தெரியாத நாடு, எந்த நோய்க்கு எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும் என்று எப்படி முடிவு செய்யும்? டெக்சாஸில் இருக்கும் ஒருவரின் முழங்கால் வலிக்குச் சரியான குறியீட்டைத் தேடத் தெரிந்த பல்லாயிரம் பேர் இந்த நகரில் இருக்கிறார்கள். நம் ஊரின் சாவுக்குக் காரணம் எழுத ஆளில்லை. அந்தத் திறமையை நம் மருத்துவமனைகளின் பதிவேட்டு அறைகளும் நகராட்சிகளும் சம்பளம் கொடுத்துக் கேட்டுப் பெற வேண்டும். அரசு இதைச் செய்யும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.

கல்லூரிகளுக்கும் ஒரு கேள்வி. குரோம்பேட்டையிலிருந்து பெரும்பாக்கம் வரை பெரிய மருத்துவமனைகள் வரிசையாக இருக்கின்றன. தாம்பரத்தில் தொண்ணூறு ஆண்டு கடந்த நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. கிண்டியில் 1899-இல் தொடங்கிய கிங் நிறுவனம் இருக்கிறது. இவற்றுக்கு நடுவே மூன்றாண்டு உயிரியல் படிக்கும் ஒரு மாணவி, ஒரு மருத்துவமனை ஆய்வகத்தின் உள்ளே ஒரு நாள்கூடக் காலெடுத்து வைக்காமல் பட்டம் பெற்றுப் போகிறாள். இதைப் பாடத்திட்டத்தின் குறை என்று தள்ளிவிட எனக்கு ஒப்பவில்லை. ஒரு கடிதம் எழுதினால் திறக்கக்கூடிய கதவு இது. எழுதுகிற பொறுப்பு நம்முடையது.

அதனால் இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். காசநோய்த் திட்டத்தில் படித்து முடித்த சளிச் சில்லுகளை வீசிவிடுவதில்லை. அவற்றில் சிலவற்றை, முதல் முடிவைப் பார்க்காமல் மேற்பார்வையாளர் மறுபடியும் படித்து ஒப்பிடுவதற்காகச் சேமித்து வைக்கிறார்கள். மறுபரிசோதனை முடிந்த பிறகுதான் அழிக்கிறார்கள். சூட்டிலும் அமிலத்திலும் போய் வந்த சில்லுகள். முறையான பாதுகாப்போடு கையாளலாம். அப்படிப்பட்ட சில்லுகளைப் பெயர், எண் நீக்கிக் கற்பித்தலுக்குத் தரும்படி மாவட்டக் காசநோய் அலுவலகத்தைக் கல்லூரி கேட்கட்டும். எண்ணெய் லென்ஸ் சரியாக வேலை செய்யும்படி மைக்ராஸ்கோப்புகளை இந்த அறக்கட்டளையின் வட்டியிலிருந்து பழுதுபார்த்துத் தாருங்கள். ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன் ஒருவரை மதிப்பூதியம் கொடுத்து அழையுங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் சில்லுக்கு 100 புலம் பார்த்துத் தம் கணிப்பை எழுதி, மேற்பார்வையாளரின் கணிப்போடு ஒப்பிடட்டும். மே மாதத்தில் கல்லூரி ஆய்வகம் காலியாகத்தான் இருக்கிறது. வருகிற மே மாதமே தொடங்கலாம்.